மாதிரிப் பதிவில் ஒலித்த குரல்: கரோல் கிங்கின் பாட்டமைப்புப் பணி (1958–1971)

முன்னுரை

அமெரிக்க வெகுசன இசையின் வரலாற்றை எழுதுவோர் கரோல் கிங்கின் வாழ்வை இரண்டு காலகட்டங்களாகப் பிரித்துக் காண்பது வழக்கம். 1960களில் அவர் பிறருக்குப் பாட்டமைத்துக் கொடுத்தார். 1971இல் ‘டேப்பஸ்ட்ரி’ என்னும் இசைத்தொகுப்பின் வழியே தாமே பாடகராக வெளிப்பட்டார் என்பது அப்பகுப்பு. நிறுவன அங்கீகாரமும் இதே வழியில்தான் அமைந்தது. ராக் அண்டு ரோல் புகழரங்கம் 1990இல் கிங்கையும் அவருடைய முன்னாள் கணவரும் பாட்டமைப்புத் துணைவருமான ஜெரி கோஃபினையும் நிகழ்த்துநர் அல்லாதோர் பிரிவில் சேர்த்தது. 2021இல் கிங்கை மட்டும் நிகழ்த்துநராக மீண்டும் ஒருமுறை சேர்த்தது. ஒருவரே இருவேறு வாயில்கள் வழியே உள்ளே அழைக்கப்பட்டார்.

இப்பகுப்பு தொழில்துறையின் கணக்கேடுகளுக்குப் பொருந்தும். கிங்கின் பணி உண்மையில் நடந்த முறைக்குப் பொருந்துமா என்பதே இக்கட்டுரை எழுப்பும் வினா. பிறருக்காக அவர் அமைத்த ஒவ்வொரு பாட்டையும் முதலில் பாடிக் காட்டியது பெரும்பாலும் அவருடைய குரலே. அக்குரல் விற்பனைக்கு வரவில்லை. அதனாலேயே அது வரலாற்றில் இல்லாத குரலாகக் கருதப்பட்டது.

சொல்லாட்சி குறித்து ஒரு குறிப்பு இங்குத் தேவைப்படுகிறது. தமிழில் ‘பாடலாசிரியர்’ என்றால் சொற்களை எழுதியவர் என்றே பெரும்பாலும் பொருள்படும். மெட்டமைப்பவர் ‘இசையமைப்பாளர்’ எனப்படுவார். நியூயார்க் இசைத்தொழிலில் இவ்விருவரும் ஒரே தொழிற்பெயரால் அழைக்கப்பட்டனர். கோஃபின் – கிங் இணையின் பாடல்களில் சொற்களைக் கோஃபினும் மெட்டைக் கிங்கும் அமைத்தனர். ஆகவே இருவருக்கும் பொதுவாகப் ‘பாட்டமைப்பாளர்’ என்னும் சொல் இங்கு ஆளப்படுகிறது.

1650, பிராட்வே

1942 பிப்ரவரி 9 அன்று மன்ஹாட்டனில் யூதக் குடும்பமொன்றில் பிறந்து புரூக்ளினில் வளர்ந்த கரோல் ஜோன் கிளைன், தாயிடம் பியானோ கற்றார். உயர்நிலைப்பள்ளிப் பருவத்திலேயே தம் பெயரை மாற்றிக்கொண்டு பாடகராகும் முயற்சியில் இறங்கினார். 1958இல் ஏ.பி.சி. – பாரமவுண்ட் நிறுவனத்துக்காக அவர் பாடிய இசைத்தட்டுகள் எடுபடவில்லை. அவர் பாட்டமைப்பாளராக இருந்து பாடகரானவர் அல்லர். பாடகராகத் தொடங்கி, அவ்வழி அடைபட்டதால் பாட்டமைப்பை முதன்மையாகக் கொண்டவர். வழக்கமான வரலாறுகள் இவ்வரிசையைத் தலைகீழாக்கிச் சொல்வது கவனிக்கத்தக்கது.

குயின்ஸ் கல்லூரியில் வேதியியல் நாட்டமுடைய கோஃபினைச் சந்தித்தார். 1959 ஆகஸ்டில் இருவரும் மணந்துகொண்டனர். அப்போது கிங்குக்கு 17 வயது. அடுத்த ஆண்டு மார்ச்சில் முதல் மகள் பிறந்தாள். கோஃபின் பகலில் வேதியியல் உதவியாளராகப் பணியாற்றினார், பாட்டு மாலையில்தான்.

அவர்கள் ஒப்பந்தமான ஆல்டன் இசைப் பதிப்பகம் 1958இல் ஆல் நெவின்ஸ், டான் கிர்ஷ்னர் ஆகியோரால் தொடங்கப்பட்டது. அதன் அலுவலகம் பிராட்வேயில் 1650ஆம் எண் கட்டடத்தில் இருந்தது. பின்னாளில் இக்காலத்துப் பாடல்கள் அனைத்துக்கும் பெயராகிவிட்ட பிரில் கட்டடம் 1619ஆம் எண்ணில், சற்றுத் தள்ளி இருந்தது. பெயர் பெற்றது ஒரு கட்டடம், பெரும்பகுதி வேலை நடந்தது வேறொன்றில். ஆல்டனின் சிறு அறைகளில் ஒரு பியானோவும் உட்காரப் பலகையும் இருக்கும். பக்கத்து அறையில் பேரி மான் – சிந்தியா வைல் இணையோ நீல் செடாக்கா – ஹாவர்டு கிரீன்ஃபீல்டு இணையோ வேலை செய்துகொண்டிருப்பார்கள். மெல்லிய சுவரைத் தாண்டி அவர்களுடைய மெட்டும் கேட்கும். புகழ்பெற்ற ஒரு குழுவுக்கு அடுத்த பாட்டு வேண்டுமெனில் கிர்ஷ்னர் அச்செய்தியை எல்லா அறைகளுக்கும் சொல்வார். ஒரே வாய்ப்புக்குப் பல இணைகள் போட்டியிட்டன. பாடப் போகும் குழுவின் முந்தைய வெற்றி எவ்வகையில் அமைந்ததோ அதைக் கேட்டு, அதன் குரல்வாகுக்கு ஏற்ப எழுதுவதே திறன்.

இச்சூழலில் பிறந்ததே ‘வில் யூ லவ் மீ டுமாரோ’. ஷிரெல்ஸ் என்னும் கறுப்பின இளம்பெண்கள் குழுவுக்காக அமைக்கப்பட்டது. கிங் மெட்டை ஒலிநாடாவில் பதிந்து வைத்துவிட்டு வெளியே சென்றார் என்றும், வேலையிலிருந்து திரும்பிய கோஃபின் அதைக் கேட்டுச் சொற்களை எழுதினார் என்றும் இருவருடைய நினைவுகூரல்களும் கூறுகின்றன. ஷிரெல்ஸின் முதன்மைப் பாடகி ஷெர்லி ஓவன்ஸுக்கு முதலில் அப்பாட்டு உவப்பாக இல்லை. அது நாட்டுப்புற வெள்ளையர் இசைபோல் பட்டது. நரம்பிசைக் கருவிகளுக்கான பகுதிகளைக் கிங்கே எழுதினார். 1960 நவம்பரில் வெளியான இப்பாட்டு 1961 ஜனவரி இறுதியில் ‘பில்போர்டு ஹாட் 100’ பட்டியலில் முதலிடம் பெற்றது. கறுப்பினப் பெண்கள் குழு ஒன்று அப்பட்டியலில் முதலிடம் பெற்றது அதுவே முதல்முறை. கோஃபின் வேதியியல் வேலையை விட்டார்.

பாட்டின் உள்ளடக்கம் கூர்ந்து நோக்கத்தக்கது. இன்றிரவின் அன்பு விடிந்த பின்னும் நிலைக்குமா என்று ஓர் இளம்பெண் தன் காதலனை நேராகக் கேட்கிறாள். 1960இன் வெகுசன இசையில் ஒரு பெண்ணின் உடலுறவு சார்ந்த ஐயம் இவ்வளவு வெளிப்படையாக ஒலித்தது அரிது. அந்த ஐயத்துக்குச் சொல் தந்தவரோ ஓர் ஆண். மெட்டு, பதினெட்டு வயதில் தாயாகியிருந்த புரூக்ளின் யூதப் பெண்ணுடையது. குரல், நியூ ஜெர்சியின் கறுப்பினப் பெண்ணுடையது. இம்மூவரில் பாட்டின் ‘தன்மை’ யாருடையது? தமிழ் அகப்பாடல் மரபில் பயின்றோர்க்கு இவ்வினா புதிதன்று. அங்கே ஆண்பாற் புலவர் தலைவி கூற்றாகப் பாடுவது இலக்கணமாகவே அமைந்தது. நியூயார்க்கில் அது இலக்கணம் அன்று, தொழிற்பிரிவினை. அப்பிரிவினையில் மூவருக்கும் கிடைத்த பங்கு ஒன்றாக இல்லை.

மாதிரிப் பதிவு என்னும் பிரதி

பாட்டு எழுதி முடிந்தவுடன் அது தாளில் பதிப்பகத்தாரிடம் செல்வதில்லை. ‘டெமோ’ எனப்படும் மாதிரிப் பதிவாகச் செல்லும். இசைத்தட்டு நிறுவனத்தின் தயாரிப்பாளரும் பாடகரும் அதைக் கேட்டே ஏற்பதா மறுப்பதா என முடிவு செய்வர். ஆல்டனில் உருவான மாதிரிப் பதிவுகளில் கிங்கினுடையவை தனிச்சிறப்புப் பெற்றிருந்தன. பியானோ, பின்குரல்கள், தாளக்கட்டு, இடையிசை ஆகியவற்றின் வரைபடம் அவற்றிலேயே இருக்கும். தயாரிப்பாளர்கள் பலர் அவ்வரைபடத்தைப் பெரிதும் மாற்றாமல் பின்பற்றினர். எந்த இடத்தில் மூச்சு விடுவது, எந்தச் சொல்லை இழுப்பது என்பனவற்றையும் பாடகர்கள் அதிலிருந்தே கற்றனர்.

‘இட் மைட் ஆஸ் வெல் ரெயின் அண்டில் செப்டம்பர்’ இதற்கு வெளிப்படையான சான்று. பாபி வீ என்னும் பாடகருக்காக 1962இல் கிங் பாடிய மாதிரிப் பதிவு அது. அதையே அவர் பெயரில் இசைத்தட்டாக வெளியிட்டனர். அமெரிக்கப் பட்டியலில் 22ஆம் இடமும் பிரித்தானியப் பட்டியலில் 3ஆம் இடமும் பெற்றது. அடுத்து வந்த தனி இசைத்தட்டுகள் அவ்வெற்றியை எட்டவில்லை. கிங் மீண்டும் அறைக்குள் சென்றார். ஆனால் 1962இல் பிரித்தானியர் வாங்கிக் கேட்டது, மாதிரிக்கெனப் பாடப்பட்ட ஒரு குரலையே.

‘ஒன் ஃபைன் டே’ இன்னும் நுட்பமான சான்று. 1963இல் ஷிஃபான்ஸ் குழு பாடி 5ஆம் இடம் பெற்ற அப்பதிவு, கிங்கின் மாதிரிப் பதிவின்மீதே கட்டப்பட்டது. தயாரிப்பாளர்களான டோக்கன்ஸ் குழுவினர் மாதிரியின் குரலை நீக்கிவிட்டு இசைத்தளத்தை வைத்துக்கொண்டனர். பாட்டின் தொடக்கத்தில் துள்ளி வரும் அந்தப் பியானோ கிங் வாசித்தது. குரல் அழிந்தது, கை எஞ்சியது. 1980இல் கிங் அதே பாட்டைத் தம் குரலில் பாடி 12ஆம் இடம் பெற்றார்.

இம்மாதிரிகளுள் சில 2012இல் ‘தி லெஜண்டரி டெமோஸ்’ என்னும் தொகுப்பாக வெளிவந்தன. பாபி வீயின் ‘டேக் குட் கேர் ஆஃப் மை பேபி’, எவர்லி சகோதரர்களின் ‘கிரையிங் இன் தி ரெயின்’, மங்கீஸ் குழுவின் ‘பிளசண்ட் வேலி சண்டே’ ஆகியவற்றை அமைத்தவரின் குரலிலேயே அதில் கேட்கலாம். ஏட்டுச்சுவடிக்கும் அச்சுப் பதிப்புக்கும் இடையிலான உறவை ஆராய்பவர்கள் இத்தொகுப்பை அதே கண்ணோடு அணுகலாம். மாதிரியை மூலபாடமாகவும் வெளியான இசைத்தட்டைப் பதிப்பாகவும் கொண்டால், எந்த வேறுபாடு பாடகரின் ஆக்கம், எது முன்னரே தீர்மானிக்கப்பட்டது என்பதைப் பிரித்தறிய வழி பிறக்கிறது. இவ்வகை ஒப்பீடு இன்னும் போதிய அளவில் செய்யப்படவில்லை என்றே தோன்றுகிறது.

இரண்டு சென்ட்டுக் கணக்கு

பிறருக்குப் பாட்டமைத்தவர் ‘மறைந்திருந்தவர்’ என்று இரங்குவது எளிது. கணக்கைப் பார்த்தால் அவ்விரக்கம் இடம் மாறும்.

1909ஆம் ஆண்டின் அமெரிக்கப் பதிப்புரிமைச் சட்டம், இசைத்தட்டில் ஏறும் ஒவ்வொரு பாட்டுக்கும் படியொன்றுக்கு 2 சென்ட் உரிமைத்தொகை என வரையறுத்தது. இவ்வீதம் 1977 வரை மாறவில்லை. ஒரு பாட்டு பத்து இலட்சம் படிகள் விற்றால் 20,000 டாலர். வழக்கமான ஒப்பந்தப்படி அதில் பாதி பதிப்பகத்துக்கு. எஞ்சிய 10,000 டாலரைச் சொல்லும் மெட்டும் அமைத்தவர்கள் பகிர்ந்துகொள்வர். தொகை பெரிதன்று. ஆனால் அது பாடகர் மாறினாலும் தொடரும். வானொலியில் பாட்டு ஒலிக்கும்போதும் அமெரிக்க முறைப்படி பாட்டமைப்பாளருக்கும் பதிப்பகத்துக்குமே பணம் சேரும், பாடியவருக்குச் சேராது. அந்நாட்டு வானொலி நிலையங்களைப் பொறுத்தவரை இந்நிலை இன்றும் நீடிக்கிறது.

‘தி லோக்கோமோஷன்’ பாட்டின் வரலாற்றை இக்கணக்கோடு சேர்த்துப் படிக்க வேண்டும். வட கரோலைனாவின் பெல்ஹேவனிலிருந்து வந்த ஈவா பாய்டு என்னும் கறுப்பின இளம்பெண் கிங் – கோஃபின் வீட்டில் குழந்தையைப் பார்த்துக்கொண்டார். பாடத் தெரிந்தவர் என்றே அவர் அவர்களுக்கு அறிமுகப்படுத்தப்பட்டார். பாத்திரம் கழுவும்போது பாடக் கேட்டுக் கண்டெடுத்தனர் என்னும் கதை விளம்பரத்தின் படைப்பு. டீ டீ ஷார்ப் என்னும் பாடகியை மனத்திற் கொண்டு எழுதிய பாட்டுக்கு ஈவா மாதிரி பாடினார். ஷார்ப் தரப்பு ஏற்காததால் ஈவாவின் பதிவே ‘லிட்டில் ஈவா’ என்னும் பெயரில் வெளியாகி 1962 ஆகஸ்டில் முதலிடம் பெற்றது. 1974இல் கிராண்டு ஃபங்க் குழு பாட, அதே பாட்டு மீண்டும் முதலிடம். 1988இல் கைலி மினோக் பாட, 3ஆம் இடம். பின்னைய இரு வெற்றிகளிலிருந்தும் பாட்டமைப்பாளர்களுக்கு உரிமைத்தொகை வந்தது. முதலில் பாடிய ஈவாவுக்குச் சட்டப்படி எதுவும் வரவில்லை. அவர் இசைத்துறையை விட்டு வட கரோலைனாவுக்குத் திரும்பி எளிய வாழ்வு வாழ்ந்து 2003இல் மறைந்தார்.

ஈவாவிடமிருந்து எடுக்கப்பட்டது குரல் மட்டுமன்று. 1962இல் கிரிஸ்டல்ஸ் குழு பாட, ஃபில் ஸ்பெக்டர் தயாரித்த ஒரு பாட்டு, காதலன் அடித்ததை அன்பின் அடையாளமாக ஏற்கும் பெண்ணின் கூற்றாக அமைந்தது. தன் காதலனைப் பற்றி ஈவா சொன்னதே அதற்கு வித்து. எதிர்ப்பு எழுந்ததால் வானொலியில் அது நிலைக்கவில்லை. அப்பாட்டில் பங்கேற்றதற்குக் கிங் பிற்காலத்தில் வருந்தினார். பிறருக்காக எழுதுவதென்பது பிறரிடமிருந்து எழுதுவதாகவும் இருந்தது என்பதற்கு இதைவிடக் கசப்பான சான்று அக்காலத்தில் இல்லை.

ஆகவே மறைவு இரு வகைப்படும். கிங்கின் பெயர் மறைந்திருந்தது, உரிமை நிலைத்தது. ஈவாவின் பெயர் நாடறிந்தது; உரிமை இல்லை. பெண் என்னும் ஒரே வகைமைக்குள் இருவரையும் அடக்கிப் பேசும் ஆய்வுகள் இவ்வேறுபாட்டைத் தவறவிடுகின்றன. இனத்துக்கும் உரிமைக்கும் உள்ள தொடர்பை விலக்கிவிட்டு இக்காலத்துப் ‘பெண்கள் குழு இசை’யைக் கொண்டாடுவது அரைகுறையான வரலாறே.

சந்தை மாறியபோது

1961 ஜனவரி முதல் 1963 ஜனவரி வரையான ஈராண்டில் கோஃபின் – கிங் பாடல்கள் நான்கு அமெரிக்காவில் முதலிடம் பெற்றன. 1963இல் கொலம்பியா பிக்சர்ஸின் ஸ்கிரீன் ஜெம்ஸ், ஆல்டனை வாங்கியது. அதே ஆண்டு பீட்டில்ஸ் குழு தன் முதல் இசைத்தொகுப்பில் கோஃபின் – கிங்கின் ‘செயின்ஸ்’ பாட்டைப் பாடியது. பாராட்டாகத் தோன்றிய இது ஒரு வகையில் முடிவின் அறிகுறியும்கூட. பீட்டில்ஸும் பாப் டிலனும் தம் பாட்டைத் தாமே அமைத்துப் பாடுவதை விதியாக்கினர். பிறர் எழுதித் தந்ததைப் பாடுவது போலி என்னும் மதிப்பீடு பரவியது. பாட்டமைப்பாளர்களின் அறைகள் ஒவ்வொன்றாக ஒலி குன்றின.

கிங் உடனே ஓய்ந்துவிடவில்லை. 1967இல் அட்லாண்டிக் நிறுவனத்தின் ஜெரி வெக்ஸ்லர், அரீதா ஃபிராங்ளினுக்காக ஒரு தலைப்பை மட்டும் கோஃபினிடம் தந்தார். அன்றிரவே பாட்டு அமைந்தது. தலைப்புக்கு நன்றியாக வெக்ஸ்லரின் பெயரும் உரிமையாளர் வரிசையில் சேர்ந்தது. ‘எ நேச்சுரல் வுமன்’ 8ஆம் இடம் பெற்றது. பெண்மையின் இயல்பைப் போற்றும் பாட்டாக உலகம் ஏற்றுக்கொண்ட ஒன்றின் தலைப்பும் சொற்களும் இரண்டு ஆண்கள் தந்தவை. ஆனால் அரீதா பாடிய பின்னர் அதை யாரும் அப்படிக் கேட்கவில்லை. குரல் ஒரு பாட்டின் உரிமையை ஏட்டில் மாற்றாவிட்டாலும் கேட்போர் உள்ளத்தில் மாற்றிவிடும் என்பதற்கு இது எடுத்துக்காட்டு.

மணமுறிவுக்குப் பின் 1968இல் கிங் இரு மகள்களுடன் லாஸ் ஏஞ்சலிஸுக்குக் குடிபெயர்ந்தார். டேனி கோர்ச்மர், சார்ல்ஸ் லார்க்கி ஆகியோருடன் ‘தி சிட்டி’ என்னும் குழுவாக ஒரு தொகுப்பு வெளியிட்டார். மேடை அச்சத்தால் அவர் இசைப்பயணம் செல்லவில்லை, தொகுப்பு விற்கவில்லை. 1970இல் வந்த முதல் தனித்தொகுப்புக்கு ‘ரைட்டர்’ என்றே பெயர். எழுதுபவர் என்னும் அடையாளத்தைத் தாமே அட்டையில் அச்சிட்டுக்கொண்டு பாட வந்தார் என்பது அப்போதைய அவருடைய மனநிலையைக் காட்டுகிறது. அவருடைய அச்சத்தைத் தளர்த்தியவருள் ஜேம்ஸ் டெய்லர் முக்கியமானவர். பியானோ வாசிக்க உடன் வந்த கிங்கை, அவர் ஒருகாலத்தில் பயின்ற குயின்ஸ் கல்லூரி மேடையிலேயே ‘அப் ஆன் தி ரூஃப்’ பாட்டைப் பாடவைத்தார். 1962இல் டிரிஃப்டர்ஸ் குழுவுக்காக அமைந்த பாட்டு அது.

‘டேப்பஸ்ட்ரி’யைக் கேட்கும் முறை

லூ ஆட்லர் தயாரிப்பில் 1971 பிப்ரவரியில் வெளியான ‘டேப்பஸ்ட்ரி’ தொடர்ந்து 15 வாரங்கள் அமெரிக்கப் பட்டியலில் முதலிடத்தில் இருந்தது. அமெரிக்காவில் மட்டும் ஒரு கோடிக்கும் மேற்பட்ட படிகள் விற்றது. 1972 கிராமி விழாவில் கிங் நான்கு விருதுகள் பெற்றார். அவற்றுள் ஆண்டின் சிறந்த பாட்டுக்கான விருதைப் பெற்ற முதல் பெண் அவரே. அவ்விருதைப் பெற்ற ‘யூ ஹவ் காட் எ ஃப்ரண்டு’ பாட்டை முதலிடத்துக்குக் கொண்டு சென்றதோ ஜேம்ஸ் டெய்லரின் குரல். அவ்வெற்றியிலும் அவர் பிறருக்கு எழுதியவராகவே தொடர்ந்தார்.

இத்தொகுப்பு ஒரு பெண் தன் வாழ்வைத் தானே பாடியதாக வரவேற்கப்பட்டது. பன்னிரண்டு பாடல்களுள் கிங் தனியே அமைத்தவை ஏழு. இரண்டுக்குச் சொல் எழுதியவர் டோனி ஸ்டெர்ன். அவற்றுள் ஒன்றே தொகுப்பின் பெருவெற்றியான ‘இட்ஸ் டூ லேட்’. முறிந்த உறவைப் பற்றிய அப்பாட்டைக் கேட்டோர் கிங்கின் மணமுறிவை நினைத்தனர், சொற்களோ ஸ்டெர்னுடையவை. எஞ்சிய மூன்று கோஃபினுடன் அமைத்தவை. அவற்றுள் இரண்டு, ஷிரெல்ஸும் அரீதாவும் முன்னரே பாடியவை. உண்மைத்தன்மையின் சின்னமாகக் கொள்ளப்பட்ட தொகுப்பின் ஒரு பகுதி, போலி என ஒதுக்கப்பட்ட அதே தொழிற்கூடத்தில் செய்யப்பட்டது.

இது குறை அன்று. ‘வில் யூ லவ் மீ டுமாரோ’வின் இரு பதிவுகளையும் அடுத்தடுத்துக் கேட்டால் மாற்றம் எங்கே நிகழ்ந்தது என்பது புலப்படும். 1960இன் பதிவில் தாளம் துள்ளுகிறது. வயலின்கள் நம்பிக்கை தருகின்றன. 1971இல் வேகம் வெகுவாகக் குறைந்து, பியானோவின் கனத்தோடு பாட்டு நகர்கிறது. பின்குரலில் ஜேம்ஸ் டெய்லரும் ஜோனி மிட்சலும் வருகின்றனர். கேள்வி அதே கேள்வி. முதலில் கேட்டவளுக்கு விடை தெரியாது. பின்னர்க் கேட்பவர் இருபத்தெட்டு வயதில், மணமுறிவுக்குப் பின், விடையை அறிந்தவர். சொல் மாறாமல் பொருள் மாறியது. ‘எ நேச்சுரல் வுமன்’ அதனினும் சிக்கனமானது. அரீதாவின் பதிவில் இருந்த நரம்பிசை, பின்குரல் அனைத்தும் விலக்கப்பட்டு ஏறக்குறைய பியானோவும் குரலுமாக நிற்கிறது. அதன் அமைப்பு ஒரு மாதிரிப் பதிவின் அமைப்பே. 1971இன் கேட்போர் புதுமை என்று கொண்டாடிய அந்த எளிமை, ஆல்டனின் சிறு அறையில் பத்தாண்டுகளாக அன்றாட வேலைமுறையாக இருந்தது. ஆட்லர் அம்மாதிரிகளின் ஒலியையே தொகுப்பில் கொண்டுவர விரும்பினார் என்பதும் இக்கருத்துக்கு அரண் சேர்க்கிறது.

2015 டிசம்பரில் வாஷிங்டனின் கென்னடி மையம் கிங்குக்குச் சிறப்புச் செய்தபோது ‘எ நேச்சுரல் வுமன்’ பாட்டைப் பாட அரீதா ஃபிராங்ளின் வந்தார். அப்போது அவருக்கு 73 வயது. நீண்ட உரோம மேலங்கியோடு பியானோ முன் அமர்ந்து தாமே வாசித்தபடி தொடங்கினார்; பின் எழுந்து நின்று மேலங்கியை நழுவவிட்டுப் பாடினார். மாடத்தில் அமர்ந்திருந்த கிங், முதல் சில சுரங்களிலேயே இருக்கையை விட்டு எழுந்துவிட்டார். அவருடைய உதடுகள் பாட்டோடு சேர்ந்து அசைந்துகொண்டிருந்தன.